மாத்திரையை ஏற்காத வயிறு

உணவின் வாயிலாகப் பெறவேண்டிய ஜீவசத்துக்களை மாத்திரையின் வாயிலாகப் பெறுவது இன்று நம் வீடுகளில் அன்றாட வழக்கமாகிவிட்டது. காலை ஆகாரத்துக்குப் பின் ஒன்றும் இரவு படுக்கப்போகுமுன் ஒன்றுமாக அவற்றை விழுங்குகிற குடும்பங்கள் நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் பெருகியிருக்கின்றன. அவற்றால் நன்மை அடைந்தோர் அநேகர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே மாத்திரை உள்ளே போன சிறிது நேரத்துக்கெல்லாம் நெஞ்செரிச்சலும் குமட்டலும் கண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, நாலு நாள் பொறுத்துப் பார்த்து, ஐந்தாம் நாள் அட்டையை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, அடுத்த முறை செவிலியர் வந்து கேட்கும்போது "தினமும் போடுறேம்மா" என்று பதில் சொல்கிற பெண்களும் நம்மிடையே மிகப் பலர். அவர்களைச் சிரத்தையற்றவர்கள், அறியாமை மிக்கவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயமன்று. வயிறு ஒரு மாத்திரையை ஏற்க மறுக்கிறது என்றால் அந்த மறுப்புக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் கேட்டறிந்து, அந்த வயிறு ஏற்கக்கூடிய வேறு வழியைக் காட்டுவது வைத்தியத்தின் கடமையேயன்றி நோயாளிக்குச் செய்யும் சலுகையன்று என்பதே நான் இங்கு வற்புறுத்த விரும்பும் கருத்து.

ஜீவசத்துக்களின் சரித்திரமே அடுப்படியில் தொடங்கியது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். 1890-களில் ஜாவாத் தீவில் டச்சு மருத்துவரான எய்க்மான், தீட்டிய அரிசிச் சோற்றை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியை இட்டவுடன் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். பெரிபெரி என்னும் கொடிய நோயின் மூலம் அரிசி ஆலையில் இருக்கிறது என்ற உண்மை அதிலிருந்துதான் மெல்ல மெல்ல வெளிப்பட்டது. 1912-இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய சத்துக்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1918-இல், நம் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிஸன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறை வளர்ந்து ஊட்ட ஆராய்ச்சிக்கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெக்காரிஸனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், இந்திய உணவுப் பொருள்கள் ஒவ்வொன்றிலும் என்ன சத்து எவ்வளவு உண்டு என்று கணக்கெடுத்து 1937-இல் வெளியிட்ட சிறு நூல்தான், நம் கேழ்வரகையும் முருங்கைக்கீரையையும் நெல்லிக்காயையும் விஞ்ஞானத்தின் ஏடுகளில் ஏற்றியது.

அந்நாளைய சம்பவங்களுள் ஒன்று நம் விஷயத்தோடு மிக நெருங்கியது. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளைப் பலிகொண்டுவந்த ஒருவகைக் கடும் சோகையை ஆராய வந்தார். இடையில் சில காலம் குன்னூரிலும் தங்கி ஆராய்ந்தார். ஏழைப் பெண்களின் உணவைத் துருவிப் பார்த்து, ஈஸ்ட்டிலிருந்து வடித்தெடுக்கும் மார்மைட் என்னும் மலிவான உணவுப்பண்டத்தைக் கொடுத்தபோது அவர்கள் தேறக் கண்டு, 1931-இல் அதை உலகுக்கு அறிவித்தார். குணப்படுத்திய பொருள் இன்னதென்று அவருக்கு அப்போது தெரியாது. பத்தாண்டு கழித்துக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார்கள். அதுவே இன்று கர்ப்பிணிகள் அனைவருக்கும் அரசு வழங்குகிற ஃபோலிக் அமிலம். உணவு முதலில் குணப்படுத்தியது. அந்தக் குணத்தின் காரணம் பிறகு மாத்திரையாயிற்று. இந்த வரிசையை நாம் மறந்துவிட்டதால்தான் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர் என்றவுடன் அவருக்கு வேறு கதியே இல்லை என்பதுபோல் நினைக்கத் தலைப்படுகிறோம்.

இனி வயிறு ஏன் மறுக்கிறது என்பதைப் பார்ப்போம். எல்லா மாத்திரைகளும் ஒரே விதமாக உபத்திரவம் செய்வதில்லை. வெறும் வயிற்றில் விழுங்கிய பலசத்து மாத்திரை குமட்டுவதற்கு அதிலுள்ள துத்தநாகமும் இரும்பும் பெரும்பாலும் காரணம். அதிக அளவிலான வைட்டமின் சி புண்பட்ட வயிற்றை எரிக்கும், வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஆனால் நம் நாட்டில் மிக அதிகமான பேரை மிக அதிகமாக வருத்துவது இரும்புச்சத்து மாத்திரையே. 1970 முதல் சோகைத் தடுப்புத் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்டுவரும் அந்த மாத்திரையில் இப்போது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன; கர்ப்பத்தின் நான்காம் மாதம் தொடங்கி 180 நாளும், பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாளும் உண்ணவேண்டும் என்பது விதி. இத்தனை இரும்பில் குடல் உறிஞ்சிக்கொள்வது சிறு பங்கே. எஞ்சியது குடலிலேயே தங்கி, உட்சுவரை உறுத்தி, குமட்டலையும் வயிற்றுவலியையும் மலச்சிக்கலையும் விளைவித்து, மலத்தைக் கறுப்பாக்கி வெளியேறுகிறது. அந்தக் கறுப்பைக் கண்டு பயந்து நிறுத்தியவர்களும் உண்டு. மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு நிறுத்தியவர்களும் உண்டு. பிந்தியது ஆதாரமற்ற நம்பிக்கை. முந்தியதற்கு, அது அபாயமில்லை என்று மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. தமிழ்நாட்டில் 53 பேருக்கு. ஐம்பது ஆண்டுகள் மாத்திரை வழங்கிய பின்னும் நிலைமை இது. இதற்குக் காரணங்கள் பல. எனினும் கொடுத்த மாத்திரை எத்தனை என்பதைக் கணக்கெடுத்த அளவுக்கு, உள்ளே போன மாத்திரை எத்தனை, போனது தங்கியதா என்பதை நாம் கணக்கெடுக்கவில்லை என்பதும் அவற்றுள் ஒன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

மாத்திரையை அடியோடு கைவிடுமுன் செய்து பார்க்கக்கூடிய காரியங்கள் சில உள. வெறும் வயிற்றில் தின்பதை விட்டு, இரவு ஆகாரத்துக்குப் பின் தின்றால் பலருக்குக் குமட்டல் அடங்கிவிடுகிறது. உறிஞ்சப்படும் இரும்பு சற்றுக் குறையலாம், ஆயினும் தின்னாமல் இருப்பதைக் காட்டிலும் அது எத்தனையோ மேல். ஒரு நாள் இரும்பு உட்கொண்டால் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைச் சுரந்து அடுத்த நாள் குடலின் வாயிலைப் பாதி அடைத்துவிடுகிறது என்றும், ஆகவே ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு உடலில் சேர்கிறது என்றும் அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. இலேசான குறைபாடு உள்ளவர்கள் இந்த முறையைப் பற்றித் தம் மருத்துவரிடம் கேட்கலாம். தேநீரோடும் காப்பியோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துத் தின்னலாகாது. இரும்பு மாத்திரையால் வயிறு எரிகிறது என்று அமிலத்தைத் தணிக்கும் மாத்திரையையும் கூடவே விழுங்குவோர் பலர். அமிலம் குறைந்தால் இரும்பு கரைவது தடைப்படுமாதலால் எரிச்சலோடு பயனும் அடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அவசியம் வேண்டுவது இரும்பன்று, ஃபோலிக் அமிலமே. 400 மைக்ரோகிராம் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு மாத்திரை பெரும்பாலும் எந்த வயிற்றையும் வருத்துவதில்லை. சிசுவின் தண்டுவடமும் மூளையும் குறைவின்றி உருவாவதற்கு அது இன்றியமையாதது. மசக்கைக்கு அஞ்சி இரண்டையும் சேர்த்து ஒதுக்கிவிடுவது பெருந்தவறு.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். வயிறு எதை இட்டாலும் எரிகிறது என்று அலுத்துக்கொள்பவர் தம் வயிற்றையே ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது உத்தமம். நாம் 'கேஸ்' என்றும் 'அல்சர்' என்றும் பொதுப்படையாகச் சொல்லிவிட்டுப் போகிற உபாதையின் அடியில் ஹெலிகோபாக்டர் என்னும் கிருமி குடியிருக்கக்கூடும். அந்தக் கிருமியே இரும்பும் பி12-உம் உடலில் சேராமல் தடுக்கவும் வல்லது. அதாவது மாத்திரை ஒவ்வாமைக்கும் சத்துக் குறைபாட்டுக்கும் மூலகாரணம் ஒன்றேயாக இருக்கலாம். நீரிழிவுக்காக மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் உண்பவர்களுக்கும், வயிற்றெரிச்சலுக்காக ஒமிப்ரசோல் வகை மருந்துகளைத் தாமாகவே கடையில் வாங்கி நெடுநாள் விழுங்குபவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. இரும்பு மாத்திரை தின்னாமலேயே மலம் தார்போல் கறுத்துப் போனால், அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இப்போது சமையலறைக்கு வருவோம். இந்த இடத்தில் மிகைப்படுத்திச் சொல்வோரிடம் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். முருங்கைக்கீரை ஒன்றே சகல சோகையையும் தீர்க்கும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். ஹைதராபாத் நிறுவனத்தின் புதிய அட்டவணைப்படி 100 கிராம் பச்சை முருங்கை இலையில் இருக்கும் இரும்பு சுமார் நாலரை மில்லிகிராம். கேழ்வரகிலும் ஏறத்தாழ அவ்வளவே. வயதுவந்த பெண்ணுக்கு ஒருநாள் வேண்டுவதோ 29 மில்லிகிராம். போதாக்குறைக்குத் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பை ஃபைட்டேட், ஆக்சலேட் முதலிய பொருள்கள் பிடித்து வைத்துக்கொள்வதால் அதில் பெரும்பகுதி உடலில் சேராது. எனவே எந்த ஓர் உணவாலும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. என்ன உண்கிறோம் என்பதைப் போலவே, எதை எதனோடு எப்படிப் பக்குவம் செய்து உண்கிறோம் என்பதும் முக்கியமாகிறது. நம் மூதாட்டிகளின் கைப்பக்குவத்துக்கு விஞ்ஞானம் நற்சான்று தருகிற இடம் இதுதான்.

கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்துத் திரித்த மாவில் ஃபைட்டேட் குறைகிறது. மாவை இரவே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழில் மேலும் குறைகிறது. இட்லி மாவு புளிக்கும்போதும் இதுவே நிகழ்கிறது, கூடவே பி வகை வைட்டமின்கள் சில பெருகவும் செய்கின்றன. பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் முளைவிடும்போது, உலர்ந்த பருப்பில் அநேகமாக இல்லாத வைட்டமின் சி புதிதாகத் தோன்றுகிறது. அந்த வைட்டமின் சி-யோ, உண்ணும் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ளும் அளவை இரண்டு மூன்று மடங்காக உயர்த்தும் ஆற்றல் உடையது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்குமேல் அது உண்டு. ஒரு பெண்ணின் ஒருநாள் தேவை 65 மில்லிகிராம்தான். நெல்லிக்காயில் கொய்யாவைவிடவும் அதிகம். 1940-ஐ ஒட்டிய பஞ்சகாலத்தில் ஹிஸார் பகுதியில் ஸ்கர்வி நோய் பரவியபோது அதை அடக்க நெல்லிக்காய் பயன்பட்ட செய்தி ஊட்டச்சத்து நூல்களில் பதிவாகியிருக்கிறது. எரியும் வயிறு உடையவர்கள் நெல்லிக்காயையும் எலுமிச்சைச் சாற்றையும் வெறும் வயிற்றில் தொடாமல், சோற்றோடு தயிரில் பிசைந்த நெல்லிக்காய்ப் பச்சடியாகவோ, சாப்பாட்டுக்குப் பின் விதை நீக்கிய பழுத்த கொய்யாவாகவோ உண்டால் அதே பயனை உபத்திரவமின்றிப் பெறலாம்.

கீரையைக் கழுவிய பின் நறுக்குவதும், மூடிவைத்துக் குறைந்த நீரில் வேகவைப்பதும், அந்த நீரைக் கொட்டாமல் இருப்பதும் ஃபோலிக் அமிலத்தையும் வைட்டமின் சி-யையும் ஓரளவு காக்கும் வழிகள். அதில் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ தேங்காயோ சேர்ந்தால்தான் அதிலுள்ள கரோட்டின் கரைந்து வைட்டமின் ஏ ஆகிறது. ஆதலால் எரியும் வயிறு உடையவர்கள் எண்ணெயை முற்றிலும் விலக்கிவிடலாகாது. வெள்ளைவெளேரென்று தீட்டிய பச்சரிசியைக் காட்டிலும் புழுங்கலரிசி மேலானது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால்தான், ஆந்திரத்தின் வடகோடி மாவட்டங்களைப் பெரிபெரி வாட்டிய நாளில் புழுங்கலரிசி உண்ட பிரதேசங்கள் பெரும்பாலும் தப்பின. அந்த அரிசியையும் நாலைந்து நீர் விட்டுக் கழுவி, வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுகிறோம். உப்பும் மோரும் கலந்த அந்தக் கஞ்சி, எதையும் தாங்காத வயிறும் தாங்குகிற ஆகாரம்.

புலால் உண்பவர்களுக்கு வழி இன்னும் எளிது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு, கீரையிலுள்ளதைக் காட்டிலும் பல மடங்கு சுலபமாக உடலில் சேர்கிறது. சோகை பிடித்தவர்களுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. ஆட்டின் மண்ணீரலாகிய அது இரும்புச் செறிவில் ஈரலையும் விஞ்சியது. அதைச் சுட்டோ மிளகு சேர்த்து வதக்கியோ வாரம் ஒருமுறை உண்பது பத்தாம்பசலித்தனம் என்று எண்ணவேண்டியதில்லை. கர்ப்பிணிகள் ஈரலை மட்டும் அடிக்கடி உண்ணலாகாது. அதில் மிகுந்திருக்கும் வைட்டமின் ஏ சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடும். நெத்திலியை முள்ளோடு உண்டால் சுண்ணாம்புச்சத்து கிடைக்கிறது. மத்தி மீன் ஐம்பது கிராம் உண்டாலே அன்றைக்குத் தேவையான பி12 கிடைத்துவிடுவதோடு, உணவில் அபூர்வமாகிய வைட்டமின் டி-யும் ஓரளவு கிடைக்கிறது. விலையும் அதிகமில்லை. மற்றபடி வைட்டமின் டி-க்கு உணவை நம்பிப் பயனில்லை. நமக்கு வாய்த்திருக்கும் வெயிலில் முகமும் கைகால்களும் சிறிது நேரம் படும்படி நிற்பதும், குறைபாடு உறுதியானால் மருத்துவர் சொல்லும் அளவில் வாரம் ஒருமுறை உண்ணும் மருந்தும் போதும். தினசரி மாத்திரையின் தொல்லை அதில் இல்லை.

பி12 விஷயத்தில் மட்டும் சைவ உணவினருக்கு நான் ஆறுதல் கூற முடியாது. தாவரங்களில் அது இல்லை. ஒருநாள் தேவையாகிய 2.2 மைக்ரோகிராமைப் பாலிலும் தயிரிலும் இருந்தே பெறவேண்டுமானால் ஏறத்தாழ அரை லிட்டராவது உண்ணவேண்டும். எத்தனை வீடுகளில் ஒவ்வொருவருக்கும் அது சாத்தியம்? முதியவர்களின் வயிற்றில் அமிலம் குறைந்துவிடுவதால் உண்டதும் முழுமையாகச் சேர்வதில்லை. கைகால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி ஆகியவை கண்டால் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு ஊசியாகப் போட்டுக்கொள்வதே முறை. ஊசி வயிற்றின் தயவை வேண்டுவதில்லை. அவ்விதமே சோகை முற்றிய கர்ப்பிணிக்குக் கீரையைச் சொல்லி அனுப்புவது பெரும்பாவம். மாத்திரையை அவள் வயிறு ஏற்கவில்லையென்றால் இரத்தக்குழாயின் வழியே செலுத்தும் இரும்பு சுக்ரோஸ் மருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே அநேகம் பெண்களுக்குத் தெரியாது.

மாத்திரை ஒவ்வாதவர்களுக்கு அரசே அறியாமல் செய்திருக்கும் ஓர் உபகாரம் ரேஷன் கடையின் செறிவூட்டிய அரிசி. ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பும், கூடவே ஃபோலிக் அமிலமும் பி12-உம் அதில் சேர்ந்திருக்கின்றன. 300 கிராம் அரிசி உண்பவருக்கு எட்டு மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு, ஒரே வேளையில் வயிற்றைத் தாக்காமல், சோற்றோடு சோறாக நாள் முழுதும் பரவிச் சேர்கிறது. இதையோ நம் தாய்மார்கள் பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சி, முறத்திலிட்டுப் பொறுக்கி எறிகிறார்கள்! அரிசி மாவோடு சத்துக்களைக் கலந்து அரிசி வடிவில் வார்த்த மணிகள் அவை என்பதைக் கடையில் நிற்கும் ஊழியர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம், சொல்வதில்லை. தலசீமியா போன்ற இரத்தநோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரின் ஆலோசனையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் சிறியது. தாய்சேய் நல அட்டையில் எத்தனை மாத்திரை கொடுக்கப்பட்டது என்று எழுதுகிற கட்டத்துக்குப் பக்கத்திலேயே, ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டு எழுதவும் ஒரு கட்டம் இருக்கட்டும். இல்லை என்ற விடை வந்தால் வேளையை மாற்றுவதா, திரவ மருந்து கொடுப்பதா, ஊசிக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்யும் அதிகாரம் கிராம சுகாதாரச் செவிலியருக்கு இருக்கட்டும். இதற்குப் புதிய நிதியோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அட்டையை அலமாரியில் ஒளித்து வைக்கும் நிலைக்கு அவளைத் தள்ளாமல், அதை எடுத்துக்கொண்டு அவளோடு சுகாதார நிலையத்துக்குப் போய், "இது இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.